ஒரு சுவர், இரண்டு டிவி: பெங்களூரு, 2016 செப்டம்பர் 12

அன்றைக்கு எங்கள் டிவியில் வந்தது எதுவும் பொய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவேரித் தண்ணீர்ச் சண்டையில் அன்று பெங்களூரில் நடந்த கலவரத்தையும் ஊடகத்தையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தாலே "எல்லாம் வதந்திப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டி வந்தவரை அறைந்தது நடந்ததுதான். சென்னை மயிலாப்பூரில் கன்னடக்காரர் நடத்தும் ஹோட்டல் மேல் விடியற்காலையில் பெட்ரோல் குண்டு வீசியதும் நடந்ததுதான். பெங்களூரில் ஒரு தமிழ் மாணவனை, கன்னட நடிகர்களைக் கேலி செய்து ஃபேஸ்புக்கில் எழுதினான் என்று பிடித்து அடித்து, மண்டி போட வைத்து மன்னிப்புக் கேட்க வைத்ததும் நடந்ததுதான். நடந்ததை மட்டுமே காட்டி, ஒரு வீட்டில் இருப்பவர்களைப் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பயப்பட வைக்க முடியும். அது எப்படி முடிந்தது என்பதை, என் கண் முன்னால் நடந்த வரைக்கும், எழுதிப் பார்க்கிறேன்.

இடமும் ஆட்களும்

நாங்கள் இருப்பது ஸ்ரீராமபுரத்தில், கன்னடத்தில் வட்டாரா என்பார்களே, அந்த மாதிரி வீடு. தமிழ்நாட்டில் லைன் வீடு என்பது போல, ஒரே காம்பவுண்டுக்குள் ஏழு வீடு, நடுவில் முற்றம், ஒரு குழாய். குழாயில் வருவது காவேரித் தண்ணீர். நூறு கிலோமீட்டர் தள்ளி தொரெகாடனஹள்ளியில் எடுத்து, ஆற்றைவிட பெங்களூரு ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் மூன்று இடத்தில் பம்ப் வைத்து மேலே ஏற்றி அனுப்புகிறார்கள். ஏழு வீட்டில் நாலு தமிழ், இரண்டு கன்னடம், ஒன்று தெலுங்கு.

என் மாமனார் பின்னி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் இங்கே வந்தவர், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் செய்தி மட்டும் தமிழில்தான் கேட்பார். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிறந்த ஊர் மண்டியா பக்கம். அண்ணனுக்கு அங்கே நெல்லும் கரும்பும் உண்டு. அக்கா தமிழ் நன்றாகவே பேசுவார், செய்தி கன்னடத்தில்தான். அவர் வீட்டுக்காரரும் என் கணவரும் பீன்யாவில் வேறு வேறு கம்பெனியில் வேலை, போவதும் வருவதும் பெரும்பாலும் சேர்ந்துதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் மெல்லிய சுவர். அவர்கள் வீட்டில் குக்கர் எத்தனை விசில் வந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரே நாளில் மூன்று

2016 செப்டம்பர் 5, திங்கட்கிழமை. அன்று விநாயகர் சதுர்த்தி. எங்கள் தெருவில் பையன்கள் பந்தல் போட்டுப் பிள்ளையார் வைத்திருந்தார்கள், வசூலுக்குத் தமிழ்ப் பையன்களும் கன்னடப் பையன்களும் சேர்ந்துதான் வீடு வீடாக வந்தார்கள். அதே நாளில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுக்குப் பத்து நாளைக்குத் தினமும் விநாடிக்கு 15,000 கன அடி தண்ணீர் திறந்துவிடச் சொல்லிக் கர்நாடகத்துக்கு உத்தரவு போட்டது. அதே நாளில்தான் ஜியோ சிம் சந்தைக்கு வந்தது, வருட முடிவு வரைக்கும் டேட்டா இலவசம் என்று. அந்த ஒரு வாரத்தில் எல்லார் கையிலும் ஜியோ வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வட்டாராவில் இரண்டு பையன்கள் வாங்கினார்கள், அவர்கள் பார்த்த வீடியோவைத்தான் மற்ற எல்லாரும் பார்த்தோம்.

இந்த 15,000 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க இரண்டு மொழிச் சேனல்களும் திரையின் பாதியை அடைத்துக்கொண்டு காட்டியது இந்த எண்ணைத்தான். விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. அப்படிப் பார்த்தால் 15,000 வீதம் பத்து நாளுக்குக் கிட்டத்தட்ட 13 டிஎம்சி. மண்டியா பக்கம் காவேரிமேல் இருக்கும் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜசாகர்) அணை நிரம்பினால் பிடிப்பது 49 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேலே. இதில் நியாயம் யார் பக்கம் என்று யார் வேண்டுமானாலும் வாதாடலாம், அதற்குத்தான் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் "பதினைந்தாயிரம்" என்று சிவப்பு எழுத்தில் பார்த்த எங்கள் மாமனாருக்கும் சரி, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சரி, அது எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. அக்காவுக்கு அது அணையே காலியாகிற அளவு. மாமனாருக்கு அது பிச்சை போடுகிற அளவு. ஒரே எண்தான்.

அப்புறம் படங்கள். அக்கா வீட்டு டிவியில் வெடித்துப் போன கே.ஆர்.எஸ். படுகை, மண்டியா விவசாயிகள் சாலையில் உட்கார்ந்திருப்பது. எங்கள் டிவியில் வெடித்துப் போன டெல்டா வயல். அந்த வருடம் ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போய்விட்டது, சம்பாவாவது கிடைக்குமா என்று காத்திருந்தார்கள். இரண்டு வறட்சியும் உண்மை, இரண்டும் அதே வாரத்தில். மண் வெடிப்பை மட்டும் தனியாகக் கத்தரித்துக் காட்டினால் எது மண்டியா எது தஞ்சாவூர் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இரண்டு வயலையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் அந்த வாரம் முழுக்கப் பார்க்கவில்லை.

ஊடக ஆய்வில் ஒரு பழைய வேலை உண்டு. மேக்கோம்ப்ஸ், ஷா என்று இரண்டு பேர் 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத நூறு பேரிடம் எது பெரிய பிரச்சினை என்று கேட்டார்கள். பத்திரிகையும் டிவியும் எதை எந்த அளவுக்குப் பெரிதாகப் போட்டதோ, மக்கள் சொன்ன வரிசையும் கிட்டத்தட்ட அதேதான். எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதை ஊடகம் முடிவு செய்துவிடுகிறது என்று அதற்கு அர்த்தம். எங்கள் முற்றத்தில் இது அப்படியே நடந்தது. செப்டம்பர் 4 வரை குப்பை வண்டி வரவில்லை, பிள்ளையாருக்கு எவ்வளவு வசூல், இதுதான் பேச்சு. 6-ஆம் தேதியிலிருந்து குழாயடியில் யாரும் எதையும் பேசவில்லை. பேசாமல் இருந்ததும் டிவி கொடுத்த விஷயத்தால்தான்.

12-ஆம் தேதி

9-ஆம் தேதி கர்நாடக பந்த் பெரிய அசம்பாவிதம் இல்லாமல் போய்விட்டது, சரி, முடிந்தது என்றுதான் நினைத்தோம். 12 திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் வழக்கம் போல வேலைக்குப் போனார்கள்.

காலை எட்டு மணிக்கே சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் அதிகம். சென்னை ஹோட்டல், ராமேஸ்வரம் டிரைவர். எங்கள் பக்கம் அந்த மாணவனின் வீடியோ. நடுவில் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவை மாற்றியது: 15,000-க்குப் பதில் 12,000, ஆனால் 20-ஆம் தேதி வரைக்கும். எங்கள் டிவியில் "3,000 குறைப்பு" என்று ஓடியது. சுவர் வழியாக எனக்குக் கேட்டது "இப்பத்தனே தாரீகினவரெகூ", இருபதாம் தேதி வரைக்கும். இரண்டுமே சரி! தினக் கணக்கில் குறைந்தது, நாள் நீண்டதால் மொத்தக் கணக்கில் கூடியது. ஒவ்வொரு பக்கமும் தனக்கு வலிக்கிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

மதியத்துக்கு மேல் புகை. மைசூர் ரோடு பக்கம், நாயண்டஹள்ளி, கெங்கேரி. தமிழ்நாட்டுப் பதிவெண் லாரிகள் எரிந்தன. டிசோசா நகரில் கே.பி.என். பஸ்கள் நிறுத்தும் இடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் எரிந்தன. மெட்ரோ நின்றது. ஹெக்கனஹள்ளியில் போலீஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். இன்னொருவர் மாடியிலிருந்து விழுந்து காயம்பட்டுப் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள், பீன்யாவும் அதில் ஒன்று. இதையெல்லாம் நான் சின்னதாக்கவில்லை. அந்த பஸ்களை ஓட்டியவர்களும் அந்த லாரிகளில் தூங்கியவர்களும் தப்பித்து ஓடிய கதையைக் கேட்டால் வயிறு கலங்கும்.

ஆனால் என் ஜன்னலில் தெரிந்தது என்ன என்றும் சொல்ல வேண்டும். பிள்ளையார் பந்தலில் சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது. எதிரில் ஐயங்கார் பேக்கரி ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, குனிந்து கேட்பவர்களுக்கு பன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் நடுரோட்டில் படுத்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் அனுப்பிவிட்ட பிள்ளைகள் புத்தகப் பையோடு போனார்கள். எங்கள் தெருவில் அன்று முழுக்க ஒரு கல்கூட விழவில்லை. இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன், திரும்பி டிவியைப் பார்ப்பேன், எனக்கு டிவியில் தெரிந்த தெருதான் பெங்களூரு, ஜன்னலில் தெரிந்தது ஏதோ இன்னும் தீ வந்து சேராத இடம் என்றுதான் தோன்றியது. போளூரிலிருந்து அம்மா போன் செய்தார்.

"ஊரே எரியுதாமே, கதவைத் தொறக்காதே."

"இங்க ஒண்ணும் இல்லம்மா."

"உனக்குத் தெரியாது, நாங்கதான் டிவியில பாக்குறோமே."

அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. நம்பினேன்.

என் கொழுந்தன் பண்டிகைக்கு ஓசூரிலிருந்து பைக்கில் வந்தவன் இன்னும் கிளம்பவில்லை. டி.என். 70 நம்பர் பிளேட். முற்றத்தில் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. மூன்று மணிக்கு அவன் போய், அரிசிச் சாக்கு ஒன்றைக் கிழித்து நம்பர் பிளேட்டைச் சுற்றிச் சணலால் கட்டினான். கட்டும்போது பக்கத்து வீட்டுப் பையன், பத்து வயது இருக்கும், வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பையனைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவள் நான். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்றால், இவன் போய் யாரிடமாவது சொல்லிவிடுவானோ என்று.

நாலு தமிழ் வீட்டுக்காரர்களும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடினோம். சத்தம் வெளியே போகக்கூடாது என்று டிவியைக் குறைத்துவிட்டுக் குசுகுசுவென்று பேசினோம், யார் வீட்டில் ராத்திரி சேர்ந்து படுத்துக்கொள்வது என்று. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமும் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. மாமனார் உதட்டில் விரலை வைத்தார். அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும், அங்கேயும் இதேதான் நடந்திருக்கிறது. தமிழ்க்காரர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடி டிவியை நிறுத்திவிட்டு மெல்லப் பேசுகிறார்கள், ராமேஸ்வரத்தில் நடந்தது போல இங்கேயும் ஏதாவது செய்வார்களோ என்று, நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்பதற்காகத்தான் அவர்கள் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் நாங்கள். வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1922-இல் ஒரு தீவைப் பற்றி எழுதியிருக்கிறார். 1914-இல் அங்கே சில ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் சேர்ந்து வாழ்ந்தார்கள், தபால் கப்பல் அறுபது நாளுக்கு ஒரு தடவைதான் வரும். ஐரோப்பாவில் போர் மூண்டு ஆறு வாரம் வரைக்கும் அவர்களுக்குத் தெரியாது, நண்பர்களாகவே இருந்தார்கள். கப்பல் வந்த பிறகுதான் தாங்கள் எதிரிகள் என்று தெரிந்தது. மனிதர்கள் நடந்துகொள்வது நிஜ உலகத்தை வைத்து இல்லை, மனசுக்குள் இருக்கும் படத்தை வைத்துத்தான் என்று சொல்ல அவர் இந்தக் கதையை எடுத்தார். எங்கள் வட்டாராவுக்குக் கப்பல் விநாடிக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது.

ராத்திரி

மெட்ரோ இல்லை, பஸ் இல்லை. பீன்யாவிலிருந்து என் கணவரும் அக்கா வீட்டுக்காரரும் யஷ்வந்த்பூர் வழியாக நடந்தே வந்தார்கள். கிளம்பும்போதே அக்கா வீட்டுக்காரர் என் கணவரிடம் சொன்னாராம், "வழியில யார் கேட்டாலும் நீங்க வாயைத் தொறக்காதீங்க, நான் பேசிக்கிறேன்." இரண்டு மணி நேர நடையில் அவர்கள் பார்த்தது ஓரிடத்தில் டயர் எரிந்த கரி, நிறைய போலீஸ், மூடின ஷட்டர்கள். ஒரே ஒரு இடத்தில் ஒரு கும்பல் நிறுத்திப் பெயர் கேட்டது, அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கன்னடத்தில் பதில் சொல்லிக் கூட்டிவந்துவிட்டார். இரண்டு பேரும் ஒன்பது மணிக்கு ஒன்றாகவே காம்பவுண்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நாங்களும் அக்காவும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தோம்.

அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார், அழுதார், நானும் அழுதேன். டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாணவனை மண்டி போட வைத்த வீடியோ மறுபடி வந்தது.

"இது யாரு? எங்க?" என்றார் அக்கா.

"நம்ம ஊர்லதாங்க்கா. ரெண்டு மூணு நாள் ஆச்சே."

"நான் பாக்கவே இல்லையே. சின்னப் பையன் மாதிரி இருக்கானே..."

அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அது முடிந்தது, இரண்டு நிமிடம் வேறு ஏதோ வந்தது, மறுபடி அதே வீடியோ. மாமனார் ரிமோட்டை எடுத்து அக்கா கையில் கொடுத்து, "உங்க சேனல் போடும்மா, அதுல என்ன வருதுன்னு பாப்போம்" என்றார். போட்டார். ராமேஸ்வரம் டிரைவர். அறைகிறார்கள், அவர் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறார், ஏதோ சொல்லச் சொல்லி மறுபடி அறைகிறார்கள். அது திரும்பத் திரும்ப வந்தது. நான் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன், இரண்டு கை விரலும் தீர்ந்ததும் விட்டுவிட்டேன்.

"அய்யோ பாவம், அப்பன் வயசு ஆளு மாதிரி இருக்காரே" என்றார் மாமனார். எங்கள் சேனலில் அது வரவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை வந்து போனது, எனக்கே நினைவு இருக்கிறது. ஒரு தடவை.

என்ன நடந்தது என்று பார்த்தால்

மறைப்பதைவிட, திரும்பக் காட்டுவதுதான் அன்று வேலை செய்தது. கன்னத்தில் விழுந்த ஒரு அறையை இருபது தடவை காட்டினால் மனசு அதை ஒரே அறை என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை, இருபது பேர் அறை வாங்கியது போலத்தான் பதிகிறது. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: ஒரு விஷயத்துக்கு உதாரணம் எவ்வளவு சுலபமாக மனசில் வருகிறதோ, அது அவ்வளவு அதிகமாக நடக்கிறது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஊரடங்கு 16 காவல் நிலைய எல்லைகளில்தான், ஊரின் மேற்குப் பக்கத்தில்தான் அதிகம். மதியம் எரிந்த பஸ் ராத்திரி பதினொரு மணிக்கும் திரையில் எரிந்துகொண்டிருந்தது, மூலையில் நேரம் இல்லை, இடம் இல்லை. எங்கே, எப்போது என்ற இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டால் எல்லா நெருப்பும் நம் தெருவில் இப்போது எரிகிற நெருப்பாகிவிடுகிறது.

இதில் சேனல் முதலாளிகள் கூடிச் சதி செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் காட்ட வேண்டும், கையில் இருப்பது ஐந்தாறு வீடியோ, எந்தச் சேனலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற டிஆர்பி கணக்கு வாரா வாரம் வரும், கன்னடச் சேனலைப் பார்ப்பவர்கள் கன்னடர்கள், தமிழ்ச் சேனலைப் பார்ப்பவர்கள் தமிழர்கள். நம்மவர் அடி வாங்குவதைக் காட்டினால் ரிமோட்டை மாற்ற மாட்டார்கள். நம்மவர் அடிப்பதைக் காட்டினால் மாற்றிவிடுவார்கள். இவ்வளவுதான் கணக்கு. இந்தக் கணக்கில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் பொய்ச் செய்தியைப் பிடிக்கிற வேலை மட்டும் போதாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அன்று வந்த வீடியோக்களை யாராவது சரிபார்த்திருந்தால் "உண்மைதான்" என்றுதான் முத்திரை குத்தியிருப்பார்கள்.

வாட்சப் இதை இன்னும் ஒரு படி கீழே இறக்கியது. 'ஃபார்வர்ட்' என்ற குறி அப்போது கிடையாது, அது 2018-இல்தான் வந்தது. அதனால் கொழுந்தனின் நண்பன் அனுப்பிய வீடியோ, நண்பனே எடுத்த வீடியோ போலத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அரசாங்கம் சும்மா இருந்தது என்றும் இல்லை. போலீஸ் ட்விட்டரில் வதந்தியை நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நிதானமாகக் காட்டுங்கள் என்று சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. என் மாமனாருக்கு ட்விட்டர் என்றால் என்ன என்றே தெரியாது. அமைதி காக்கச் சொல்லும் வேண்டுகோள் டிவியில் வந்தது, இரண்டு வீடியோக்களுக்கு நடுவில் கால் நிமிடம். அவர் நம்பியது, மகன் நடந்து வந்து "வழியில இவ்ளோதாம்ப்பா இருந்துச்சு" என்று சொன்னபோதுதான். லாசர்ஸ்ஃபெல்ட், கேட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் காலத்திலேயே சொன்னது இது: செய்தி நேராக மனசுக்குள் போவதில்லை, நாம் நம்புகிற ஒரு ஆள் வழியாகத்தான் போகிறது. எங்கள் வீட்டில் அந்த ஆள் வந்து சேர ராத்திரி ஒன்பது மணி ஆனது.

இன்னொன்றும் உண்டு. அன்று முழுக்க மாமனார் சொல்லிக்கொண்டிருந்தது, "அவங்க டிவி அவங்கள ஏத்தி விடுது" என்பது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்காரரின் அம்மாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். டேவிசன் என்ற ஆய்வாளர் 1983-இல் எழுதியது: ஊடகம் மற்றவர்களை மாற்றிவிடும், என்னை மாற்றாது என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பயந்த அந்த மூன்று மணி வரைக்கும்.

1991-ஐ என்ன செய்வது

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும், என் கணவரே கேட்டார். காவேரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 205 டிஎம்சி என்று இடைக்காலத் தீர்ப்புச் சொன்ன 1991-இல், டிசம்பரில் பெங்களூரில் தமிழர் பகுதிகளில் நடந்தது 2016-ஐவிடப் பல மடங்கு கொடுமை. உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அப்போது எந்தச் செய்திச் சேனல் இருந்தது? சன் டிவி வந்தது 1993-இல், உதயா டிவி 1994-இல். 1991-இல் எல்லா வீட்டிலும் தூர்தர்ஷன்தான். அப்படியென்றால் டிவி மேல் எதற்குப் பழி?

இதை நான் தட்டிக் கழிக்கவில்லை. வெறுப்பை டிவி கண்டுபிடிக்கவில்லை, அது முன்னாடியே இருந்தது, அதைத் திரட்டித் தெருவில் இறக்குகிறவர்களும் முன்னாடியே இருந்தார்கள். ஆனால் 1991 எங்கள் மாமனாருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வருடம் அவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஜோலார்பேட்டை ரயிலில் ஏறியவர், வீடு திரும்ப மூன்று வாரம் ஆனது. 2016-இல் டிவியில் எரிந்த பஸ்ஸை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், அவர் பார்த்தது வேறு ஏதோ. மதியம் நாலு மணிக்கு எழுந்து போய், ரேஷன் கார்டையும் பென்ஷன் புத்தகத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வாசற்கதவுப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். யாரும் சொல்லவில்லை. ஒரே வீடியோ, பார்க்கிற ஆளுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அக்காவுக்கு அண்ணனுடைய வயல், மாமனாருக்கு 1991, கொழுந்தனுக்கு அவன் பைக்.

சம்பவமே இல்லாமலும் இது நடக்கும் என்பதற்கும் இதே ஊரில் உதாரணம் உண்டு. 2012 ஆகஸ்டில் அசாம் கலவரத்துக்குப் பிறகு, வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் சுற்றி, ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூரு ரயில் நிலையத்தில் கூடினார்கள், குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில் விட வேண்டியிருந்தது. மத்திய அரசு ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து எஸ்எம்எஸ்தான் மொத்தமாக அனுப்பலாம் என்று பதினைந்து நாளுக்குக் கட்டுப்பாடு போட்டது. அங்கேயும் பயந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கையில் பையோடு பிளாட்பாரத்தில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே ஒரு மஞ்சள் பை இருந்ததோ.

அதற்குப் பிறகு

மறுநாள் 13-ஆம் தேதி, பக்ரீத். ஊர் அடங்கியிருந்தது. கொழுந்தன் வெள்ளிக்கிழமைதான் ஓசூருக்குக் கிளம்பினான், சாக்கை அவிழ்த்தது பக்கத்து வீட்டுப் பையன்.

அதிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு பழக்கம் வந்தது, யாரும் திட்டம் போட்டு வரவில்லை. காவேரி பற்றி ஏதாவது உத்தரவு வருகிற நாளில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார், அல்லது மாமனார் அங்கே போய்விடுவார், இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அக்கா கன்னடத்தில் ஓடும் எழுத்தை வாசித்துச் சொல்வார், மாமனாருக்கு அந்த எழுத்து வாசிக்க வராது.

2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 192 டிஎம்சி 177.25 ஆனது, கர்நாடகத்துக்கு 14.75 கூடுதல், அதில் பெங்களூருக்கென்றே 4.75. வருடா வருடம் பாதிக்கிற தீர்ப்பு இது, 2016-இல் அடித்துக்கொண்ட பத்து நாள் தண்ணீரைவிடப் பெரிய விஷயம். பெங்களூரில் அன்று எதுவும் எரியவில்லை. தீர்ப்பு கர்நாடகத்துக்குச் சாதகம், அதனால் இங்கே கோபம் இல்லை என்று சொல்லலாம், அதுவும் சரிதான். அப்படியானால் 2023 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்துக்குப் பாதகமான உத்தரவு, 26-இல் பெங்களூரு பந்த், 29-இல் கர்நாடக பந்த், எல்லார் கையிலும் ஸ்மார்ட்ஃபோன், டேட்டா மலிவு. 2016 போல எதுவும் நடக்கவில்லை. போலீஸ் முன்கூட்டியே 144 போட்டு ஆட்களைப் பிடித்துவைத்தது பெரிய காரணம். இன்னொரு காரணமாக எனக்குத் தோன்றுவது, யாரோ ஒருவர் அடி வாங்குகிற அந்த ஒரு வீடியோ இந்தத் தடவை எங்கள் இரண்டு வீட்டுக்கும் வந்து சேரவே இல்லை. தண்ணீரின் அளவை வைத்துக் கோபத்தை அளக்க முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

2018 தீர்ப்பு நாளன்று காலை பத்தரைக்கே அக்கா வந்துவிட்டார், கையில் உரித்த பட்டாணியோடு. மாமனார் ரிமோட்டைக் கொடுத்தார். எண்கள் ஓட ஆரம்பித்தன.

"நூத்தி எழுபத்தேழே கால்னா, நமக்குக் கூடவா குறைவா?" என்று கேட்டார் மாமனார்.

"எந்த நமக்கு தாத்தா?" என்றார் அக்கா. "ஊர்ல இருக்குற உங்க தம்பிக்குக் குறைவு. நம்ம குழாய்க்குக் கூட."

மாமனார் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கொடு என்றார் என்னிடம்.